விடைத்தாளிலிருந்து நாளைய பாடம்: தேர்வை வைத்துக் கற்பித்தலைத் திட்டமிட முழுமையான வழிகாட்டி

நாலாம் வகுப்பில் 402-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லி ஒரு கணக்குக் கொடுத்தேன். சரியான விடை 224. நாலு பிள்ளைகள் தப்பாகப் போட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை 376 என்று எழுதியிருந்தது. இன்னொன்று 324. மூன்றாவது 580. நாலாவது 225. நாலுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுப் பட்டியலில் பூஜ்ஜியம் எழுதிவிட்டால் திருத்தும் வேலை முடிந்தது. பல வருடம் நானும் அதோடு நிறுத்திக்கொண்டவன்தான்.

இப்போது அந்த விடைகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 376 எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது. 8-லிருந்து 2 போனால் 6, 7-லிருந்து பூஜ்ஜியம் போனால் 7, 4-லிருந்து 1 போனால் 3. மேலே இருக்கும் எண்ணிலிருந்துதான் கீழே இருப்பதை எடுக்க வேண்டும் என்பதே அதற்குப் பிடிபடவில்லை. 324 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். பத்தாம் இடத்தில் பூஜ்ஜியம் இருந்ததால் அதை 9 ஆக்கியது. ஆனால் நூறாம் இடத்தில் இருந்த 4-ஐ 3 ஆக்க மறந்துவிட்டது. 580 எழுதியது கழித்தல் குறியைப் பார்க்காமல் கூட்டிவிட்டது. 225 எழுதிய பிள்ளைக்கு முறை முழுக்கத் தெரியும், 12-லிருந்து 8 போனால் எவ்வளவு என்பதில் ஒன்று தவறிவிட்டது.

நாலு பேருக்கும் ஒரே பூஜ்ஜியம். ஆனால் நாளைக்கு அவர்களுக்குத் தேவைப்படுவது நாலு வேறு வேறு விஷயங்கள். “கழித்தல் பாடத்தை மறுபடி நடத்துகிறேன்” என்று நான் கரும்பலகையில் முதலிலிருந்து ஆரம்பித்தால் 225 எழுதிய பிள்ளையின் ஒரு பாடவேளை வீணாகும். 376 எழுதிய பிள்ளைக்கோ, போன முறை புரியாதது இந்த முறையும் புரியாது.

மதிப்பெண் ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்று மட்டும்தான் சொல்லும். ஏன் அங்கே நிற்கிறது என்பதைத் தப்பான விடைதான் சொல்லும். அதைப் படிக்கவும், படித்ததை வைத்து அடுத்த நாள் வகுப்பை மாற்றவும் உதவுவதற்குத்தான் இந்த வழிகாட்டி. தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உயர்நிலை வகுப்புகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எந்தத் தேர்வு எதற்கு

எல்லாத் தேர்வும் எல்லா வேலைக்கும் உதவாது. தேசிய அடைவு ஆய்வு 2017-லும் 2021-லும் நடந்தது. 2024 டிசம்பரில் அதுவே பராக் என்ற பெயரில் 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. இவை மாதிரிக்குச் சில பள்ளிகளை எடுத்து நடத்தும் ஆய்வுகள். ஒரு மாவட்டத்தில் பிள்ளைகள் பின்னத்தில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஆசிரியர் பயிற்சியை அதற்கேற்ப அமைக்கலாம், பாடநூலைத் திருத்தலாம். உங்கள் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன தெரியவில்லை என்று அவை சொல்லாது. அதற்காக அவை நடத்தப்படவும் இல்லை.

காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகள் ஒரு பருவத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பவை. விடைத்தாள் திருத்தி வரும்போது பாடம் அடுத்ததற்குப் போயிருக்கும். அவற்றிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம், ஆனால் தாமதமாக.

வகுப்பை அன்றன்றைக்கு வழிநடத்த உதவுவது மூன்றாவது வகை: ஆண்டுத் தொடக்கத்தில் வைக்கும் அடிப்படைத் தேர்வும், பாடத்தின் நடுவில் வைக்கும் சிறு தேர்வுகளும். வளரறி மதிப்பீடு என்ற பெயரிலேயே பொருள் இருக்கிறது. பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கும்போதே அறிவது. 2012-13-இல் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது வளரறிக்கு 40 மதிப்பெண், பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். நோக்கம் அருமையானது. ஆனால் அந்த 40 மதிப்பெண் ஆனதும் பல பதிவேடுகளில் எல்லாப் பிள்ளைக்கும் 36, 37, 38 என்று வரிசையாக ஏறியது. என் பதிவேட்டிலும் ஏறியது. கட்டம் நிரம்பியதே ஒழிய என் பாடம் மாறவில்லை.

அதற்கு முன்பே இன்னொரு நல்ல மாதிரி இங்கே இருந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் போன செயல்வழிக் கற்றல். பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய ஏணிப்படி அட்டவணையில் பிள்ளை தன் இடத்தைத் தானே பார்த்து, அதற்கான அட்டையை எடுத்து, ஒவ்வொரு மைல்கல்லின் முடிவிலும் ஒரு மதிப்பீட்டு அட்டையைச் செய்யும். வந்துவிட்டால் அடுத்த படி. வராவிட்டால் குறைதீர் அட்டை. தேர்வு என்று தனியாக ஒரு நாள், ஒரு பயம், எதுவும் இல்லை. அந்த முறையில் குறைகளும் பேசப்பட்டன. ஆனாலும் தேர்வு பாடத்துக்குள்ளேயே இருக்க முடியும் என்பதை நான் அதில்தான் பார்த்தேன்.

முதல் படி: கேள்விக்கு முன்னால் ஒரு கேள்வி

வினாத்தாள் எழுத உட்காரும்போது ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு வரி எழுதுங்கள்: “இதைத் தப்பாக எழுதினால் நாளைக்கு நான் என்ன செய்வேன்?” பதில் வரவில்லை என்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். அது மதிப்பெண் கூட்டத்தான் பயன்படும்.

எத்தனை கேள்வி? ஐந்து முதல் பத்து போதும். 15 நிமிடம். ஒரு தேர்வில் ஒன்றிரண்டு திறன்கள் மட்டும். ஒரு திறனுக்கு ஒரே ஒரு கேள்வி வைத்தால் பிள்ளை தெரிந்து எழுதியதா, குருட்டாம்போக்கில் எழுதியதா என்று தெரியாது. இரண்டு மூன்றாவது வேண்டும்.

இரண்டாம் படி: தப்பு பேசுகிற மாதிரி கேள்வி வையுங்கள்

இந்தப் படியில் கொஞ்ச நேரம் செலவிடச் சொல்வேன். மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

ஒரு வாக்கியக் கணக்கு: “அம்மா 200 ரூபாய் எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். 65 ரூபாய்க்குக் காய் வாங்கினார். மீதி எவ்வளவு?” பார்க்க நல்ல கேள்வி. ஒரு பிள்ளை 265 என்று எழுதுகிறது. கூட்டிவிட்டதா? இருக்கலாம். அல்லது ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்ததா? பூஜ்ஜியத்துக்கும் 5-க்கும் 5, பூஜ்ஜியத்துக்கும் 6-க்கும் 6, அப்புறம் 2. அதுவும் 265தான்! இரண்டு வேறு குழப்பங்களுக்கு ஒரே விடை வந்தால் அந்தக் கேள்வியிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதையே 230 ரூபாய் என்று மாற்றிப் பாருங்கள். சரியான விடை 165. கூட்டினால் 295. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் 235. இப்போது விடையைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிடும். இதற்கு ஆன செலவு ஒரு நிமிடம்.

தசமத்தில் இன்னொரு உதாரணம். “0.5, 0.35, 0.125. இவற்றில் பெரியது எது?” நிறையப் பேர் 0.125 என்பார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படித்து, 125 பெரியது என்று நினைக்கிறார்கள். சரி, 0.5 என்று எழுதியவர்கள் எல்லோரும் புரிந்துகொண்டவர்களா? இல்லை. “புள்ளிக்கு அப்புறம் இலக்கம் குறைவாக இருந்தால் பெரிய எண்” என்று ஒரு தப்பான விதியைத் தாங்களாகவே செய்துகொண்ட பிள்ளைகளும் 0.5 என்றுதான் எழுதுவார்கள். அவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும், குழப்பம் ஏழாம் வகுப்பு வரை கூடவே வரும். அதனால் பக்கத்திலேயே இன்னொரு கேள்வி: “0.3, 0.42. எது பெரியது?” அந்த விதியை வைத்திருக்கும் பிள்ளை இங்கே 0.3 என்று எழுதி மாட்டிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் தெளிவு வரும்.

அறிவியலில் மனப்பாடம் நம்மை ஏமாற்றும். ஒளிச்சேர்க்கையின் வரையறையைக் கேட்டால் வரி பிசகாமல் எழுதுவார்கள். “ஒரு சின்னக் கன்று பத்து வருடத்தில் பெரிய வேப்பமரமாகிறது. அந்தக் கட்டை, கிளை, இலை எல்லாம் எதிலிருந்து வந்தது?” என்று கேளுங்கள். அதே பிள்ளைகளில் பலர் “மண்ணிலிருந்து” என்பார்கள். காற்றிலிருக்கும் கரியமில வாயுவும் தண்ணீரும்தான் அதன் பெரும்பகுதி என்று அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வரையறைக் கேள்வி இதைக் காட்டவே காட்டாது.

கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கொள்குறி வினா வைத்தால், தப்பான விடைகளை வாயில் வந்தபடி போடாதீர்கள். போன வருட விடைத்தாள்களைப் புரட்டி, பிள்ளைகள் உண்மையிலேயே எழுதிய தப்புகளை எடுத்து விடைகளாக வையுங்கள். பழைய விடைத்தாள் கட்டை எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு மாலை நேரம் அதனோடு உட்காரலாம்.

மூன்றாம் படி: தேர்வை நடத்துவது

“இது மதிப்பெண்ணுக்கு இல்லை. நான் எதை இன்னும் நன்றாகச் சொல்லித்தர வேண்டும் என்று பார்க்கத்தான்” என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது, அந்தத் தாளை ரேங்க் கார்டில் ஏற்றவும் கூடாது. ஒருமுறை ஏற்றிவிட்டால் அடுத்த முறை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவார்கள். பார்த்து எழுதிய விடையை வைத்து எந்தப் பிள்ளைக்கும் உதவ முடியாது.

நமக்கும் ஒரு சபலம் வரும். பிள்ளை தடுமாறும்போது “யோசி, கடன் வாங்கணும்ல?” என்று எடுத்துக்கொடுத்துவிடுவோம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் அந்த நிமிடம் மட்டும் வாயைக் கட்டுங்கள். தேர்வு முடிந்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லித்தரலாம்.

படிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாக்கியக் கணக்கை எழுத்தில் கொடுத்தால் நீங்கள் கணக்கைச் சோதிக்கவில்லை, வாசிப்பைச் சோதிக்கிறீர்கள். அவர்களுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் எழுத்துத் தேர்வில் ஒரு கணக்கும் போடவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துக் கேள்வியை வாயால் கேட்டேன். விரலைக் கூட மடக்காமல் விடை சொன்னான். அவன் அப்பாவுக்குக் காய்கறி வண்டி, சாயங்காலம் சில்லறை கொடுப்பது இவன்தான். அவனுக்குத் தேவைப்பட்டது தமிழ், கணக்கு இல்லை.

வாசிப்பைச் சோதிக்க ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்துத்தான் ஆக வேண்டும். கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்க்கும் ஏசர் ஆய்வில் பயன்படுத்தும் முறை எளியது: எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை என்று ஒரே தாளில் நாலு நிலை. பிள்ளை எதுவரை தடையில்லாமல் வாசிக்கிறதோ அதுதான் அதன் நிலை. ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிடம். 30 பேர் என்றால் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். மற்றவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு நாளைக்குப் பத்துப் பேர் என்று மூன்று நாளில் முடித்துவிடலாம்.

நான்காம் படி: விடைத்தாளைப் படிப்பது

ஒரு பெரிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் பிள்ளைகளின் பெயர், மேலே கேள்வி எண்கள். சரியான விடைக்குக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். தப்புக்கு வெறும் பெருக்கல் குறி வேண்டாம், தப்பின் வகையை ஒரே எழுத்தில் குறியுங்கள். கழித்தல் தேர்வுக்கு நான் வைத்திருப்பது: “த” என்றால் பெரியதிலிருந்து சின்னதைத் தலைகீழாகக் கழித்தது. “பூ” என்றால் பூஜ்ஜியத்தில் கடன் வாங்கும்போது தடுமாறியது. “கு” குறியைப் பார்க்காதது. “எ” எண்ணிக்கைப் பிசகு. எதுவும் எழுதாமல் விட்டால் ஒரு கோடு. எழுதாமல் விடுவதும் தப்பாக எழுதுவதும் ஒன்றல்ல. எழுதாத பிள்ளைக்கு நேரம் போதாமல் இருந்திருக்கலாம், பயந்திருக்கலாம், கேள்வியே புரியாமல் இருந்திருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

30 தாளுக்கு இதைச் செய்ய முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். பழகினால் அரை மணி.

முடித்ததும் தாளைச் சுவரில் மாட்டி, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். ஒரு கேள்விக்குக் கீழே மேலிருந்து கீழ்வரை குறிகள் நிறைந்திருந்தால் குறை பிள்ளைகளிடம் இல்லை. ஒன்று அந்தக் கேள்வி குழப்பமானது, இல்லையென்றால் நான் அதை நடத்திய விதம் சரியில்லை. ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கும். ஆனால் இந்தத் தாளில் எனக்கு அதிகம் பயன்பட்டது அந்த நெடுவரிசைதான். ஒரு பிள்ளைக்கு எதிரே இடமிருந்து வலம் குறிகள் நிறைந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு முந்தைய வகுப்பின் அடிப்படையே விட்டுப்போயிருக்கலாம், அல்லது அன்று காய்ச்சலாக இருந்திருக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக “எ” இருந்தால் கவலை வேண்டாம். பயிற்சி போதும்.

வகை பிடிபடாத தப்புக்கு ஒரே வழி, பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்பது. “ஏன் தப்பாகப் போட்டாய்?” என்று கேட்காதீர்கள். கேட்டதும் வாய் மூடிவிடும். “இதை நீ எப்படிப் போட்டேன்னு எனக்குச் செய்து காட்டு” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள். பிள்ளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடும். அந்த ஒரு நிமிடத்தில் தாளில் தெரியாதது தெரிந்துவிடும்.

தமிழ் வாசிப்பில் தப்பின் வகைகள் வேறு. “கொடி” என்பதைப் பிள்ளை “கெடி” என்று வாசித்தால் எழுத்துக்கு முன்னால் வரும் கொம்பைப் பார்க்கிறது, பின்னால் வரும் காலைச் சேர்க்கவில்லை என்று பொருள். “பட்டம்” என்பதைப் “படம்” என்று வாசித்தால் ஒற்றைத் தாண்டிப் போகிறது. “பால்” என்பது “பல்” ஆனால் குறில் நெடில் பிரியவில்லை. முதல் எழுத்தைப் பார்த்ததும் “மரம்” இருக்கும் இடத்தில் “மாடு” என்றால் வாசிக்கவில்லை, ஊகிக்கிறது. இந்த நாலுக்கும் நாலு வேறு பயிற்சி. எல்லாவற்றுக்கும் “உயிர்மெய் அட்டவணையை மறுபடி எழுதி வா” என்று சொன்னால் கை வலிக்கும், வாசிப்பு வராது. ல, ள, ழ உச்சரிப்பை இந்தக் கட்டத்தில் தப்பாகக் குறிக்காதீர்கள். வீட்டில் “பளம்” என்று பேசும் பிள்ளை தாளில் பழம் என்று பார்த்துப் பொருள் புரிந்து வாசித்தால் அது வாசித்துவிட்டது. உச்சரிப்பைப் பிறகு செம்மைப்படுத்தலாம்.

ஐந்தாம் படி: குழுவாகப் பிரிப்பது, மறுபடி கலைப்பது

2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அடிப்படைத் தேர்வு வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தோம். அடுத்த ஆண்டு நாலு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துச் சொல்லித்தருவது நல்ல முறை. பிரதம் என்ற தன்னார்வ அமைப்பு இதை இந்தியாவின் பல மாநிலங்களில் செய்து பார்த்திருக்கிறது.

பெயர்கள் அழகாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு இரண்டே நாளில் எது கீழே என்று தெரிந்துவிடுகிறது. ஒரு பிள்ளையிடம் புதிதாக ஒரு அட்டையைக் கொடுத்தேன். வாங்கவே இல்லை. “நான் அரும்பு சார். எனக்கு இது வராது.” ஏழு வயது. நான் உதவிக்கு வைத்த பெயர் அதற்குள் அந்தப் பிள்ளையின் அடையாளம் ஆகிவிட்டிருந்தது. அன்றிலிருந்து மூன்று விஷயங்களை விடாமல் செய்கிறேன்.

ஒன்று, பிள்ளையைப் பார்த்துக் குழு போடுவதில்லை, திறனைப் பார்த்துப் போடுகிறேன். கழித்தலில் “பூ” குழுவில் இருக்கும் பிள்ளை வாசிப்பில் முன்னணியில் இருக்கலாம். இரண்டு, எந்தக் குழுவுக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆயுள் இல்லை. மறுசோதனை முடிந்ததும் கலைத்துவிட வேண்டும். மூன்று, நாள் முழுவதும் குழுவாக உட்கார வைப்பதில்லை. ஒரு பாடவேளையில் 20 நிமிடம், அவ்வளவுதான். மீதி நேரம் எல்லோரும் ஒரே வகுப்பு.

ஆறாம் படி: சொல்லித்தரும் விதத்தை மாற்றுவது

பட்டியல் போட்டு, குழு பிரித்து, அப்புறம் அதே பாடத்தை இன்னும் சத்தமாக நடத்தினால் இத்தனை உழைப்பும் வீண். தப்பின் வகைக்கு ஏற்ற வேறு வழி வேண்டும்.

402 கணக்குக்கே வருகிறேன். “பூ” குழுவுக்கு நான் தாளில் செய்த விளையாட்டு நோட்டுகளைக் கொடுத்தேன். நாலு நூறு ரூபாய் நோட்டு, பத்து ரூபாய் நோட்டு ஒன்றும் இல்லை, இரண்டு ஒரு ரூபாய் நாணயம். “கடைக்காரருக்கு 178 கொடு.” எட்டு நாணயம் வேண்டும், கையில் இரண்டுதான். பத்து ரூபாயை மாற்றலாமா? அதுவும் இல்லை. கொஞ்ச நேரம் விழித்தார்கள். ஒரு பிள்ளை நூறு ரூபாய் நோட்டை எடுத்துக்கொண்டு “வங்கி”யாக இருந்த பையனிடம் போனது. பத்துப் பத்து ரூபாய் நோட்டுகளாக மாற்றிக்கொண்டு வந்தது. அதில் ஒன்றை மறுபடி நாணயமாக மாற்றியது. “இப்போ நூறு ரூபாய் எத்தனை இருக்கு?” என்று கேட்டேன். கையைப் பார்த்தது. “மூணுதான் சார்.” உடனே சிலேட்டில் 4-ஐ அடித்து 3 எழுதியது. அந்த 3-ஐ எழுது என்று நான் சொல்லவில்லை.

“த” குழுவுக்கு இது வேண்டாம். அவர்களுக்கு முதலில் குச்சிக்கட்டில் ஈரிலக்க எண். 52 குச்சியை வைத்து 28-ஐ எடுக்கச் சொன்னால் தலைகீழாகக் கழிக்க வழியே இல்லை, ஏனென்றால் எடுக்க வேண்டிய எட்டுக் குச்சி கண்முன் இல்லை. கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். “கு” குழுவுக்குத் தனிப்பாடம் எதுவும் தேவையில்லை. கூட்டலும் கழித்தலும் கலந்து பத்துக் கணக்கு கொடுத்து, போடுவதற்கு முன்னால் குறியை வட்டமிடச் சொல்லுங்கள். நாலைந்து நாளில் சரியாகிவிடும்.

தெரிந்த பிள்ளைகளைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். எப்போதும் அவர்களைக் குட்டி ஆசிரியராக மட்டும் பயன்படுத்துவதும் நியாயமில்லை. சொல்லித்தருவதால் அவர்களுக்கும் தெளிவு கூடும், ஆனால் அவர்களும் கற்க வந்தவர்கள். “கழித்தால் 224 வருகிற மாதிரி ஐந்து கணக்கு உருவாக்கு, ஒன்றிலாவது நடுவில் பூஜ்ஜியம் இருக்க வேண்டும்” என்று கொடுங்கள். நல்ல வேலை அது.

ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு இதெல்லாம் எப்படி என்று கேட்பீர்கள். எல்லாப் பாடத்துக்கும் முடியாது. வாரத்துக்கு ஒரே ஒரு திறனை எடுங்கள். பல வகுப்பு ஒன்றாக இருப்பது இதற்கு வசதியும் கூட. மூன்றாம் வகுப்பு “த” பிள்ளையும் ஐந்தாம் வகுப்பு “த” பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து குச்சிக்கட்டைப் பிரிக்கலாம்.

ஏழாம் படி: மறுபடி பார்ப்பது

பெரும்பாலான பள்ளிகளில் விட்டுப்போகும் படி இது. ஒரு வாரம் சொல்லிக்கொடுத்த பிறகு அதே திறனுக்கு வேறு எண்களில் இரண்டு மூன்று கேள்வி. 503-லிருந்து 267 என்று வையுங்கள். சரியான விடை 236. 364 வந்தால் “த” இன்னும் போகவில்லை. 336 வந்தால் “பூ” இன்னும் போகவில்லை. மூன்று வாரம் கழித்து, வேறு பாடம் நடக்கும்போது, முன்னறிவிப்பில்லாமல் இன்னொரு தடவை. சொல்லிக்கொடுத்த அடுத்த நாள் வருவதும் மூன்று வாரம் கழித்து வருவதும் வேறு. இரண்டாவது வந்தால்தான் நிலைத்தது என்று எடுத்துக்கொள்வேன்.

மறுசோதனையிலும் மாறவில்லை என்றால் பிள்ளைக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நான் எடுத்த வழி அதற்குப் பொருந்தவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் ஒரு நாள் சொல்லித்தரச் சொல்லுங்கள். வட்டார வளமைய ஆசிரியப் பயிற்றுநர் வரும்போது பதிவேட்டைக் காட்டுவதோடு நிறுத்தாமல் அந்த விடைத்தாளைக் காட்டிக் கேளுங்கள். கண் பார்வை, காது கேட்பது இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கரும்பலகை தெரியாததால் பின்தங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் படி: பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சொல்வது

1988-இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் சேர்த்து. குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்ததும் குறிப்பு கண்ணில் படாமல் போய்விடுகிறது. நம் வகுப்பிலும் தாள் கைக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் பார்ப்பது தன் மதிப்பெண், அடுத்தது பக்கத்துப் பிள்ளையின் மதிப்பெண். அப்புறம் தாள் பைக்குள் போய்விடும்.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டிய தேர்வாக இருந்தால், தாளைக் குறிப்போடு மட்டும் முதலில் கொடுங்கள். “மூன்றாம் கணக்கில் நூறாம் இடத்தை மறுபடி பார்” என்ற அளவில் போதும். “கவனம் தேவை”, “இன்னும் முயற்சி செய்” என்று எழுதினால் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாது. திருத்தி எழுதிக் கொண்டுவந்த பிறகு மதிப்பெண்ணைச் சொல்லுங்கள்.

பெற்றோர் வரும்போதும் அதேதான். “உங்க பொண்ணு கணக்குல ரொம்ப வீக்கும்மா” என்றால் அந்த அம்மா தலைகுனிந்து போவார், வீட்டில் பிள்ளைக்கு அடி விழும். “அம்மா, பாப்பாவுக்குக் கழித்தல் நல்லா வருது. நடுவுல பூஜ்ஜியம் வந்தா மட்டும் தடுமாறுது. கடைக்கு அனுப்பி நூறு ரூபாய்க்கு மீதி எவ்வளவுன்னு கேளுங்க, போதும்” என்றால் எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவாலும் உதவ முடியும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லாமல், ஒட்டுமொத்தமாக இந்த மாதம் எந்தத் திறனில் உழைக்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள்.

தலைமை ஆசிரியர் செய்ய வேண்டியது

மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம், எல்லா ஆசிரியரும் தாங்கள் தப்புகளைக் குறித்த தாளோடு உட்காரட்டும். யாருடைய வகுப்பில் சராசரி அதிகம் என்ற பேச்சே எழக் கூடாது. எழுந்துவிட்டால் அடுத்த மாதம் எல்லாத் தாளும் சுத்தமாக வரும். பிள்ளைகள் கற்றுக்கொண்டதால் அல்ல, ஆசிரியர்கள் பயந்ததால். அந்தத் தாள்களால் யாருக்கும் பயனில்லை. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “இதைப் பார்த்து உங்கள் வகுப்பில் எதை மாற்றினீர்கள்?”

வகுப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஐந்து, ஆறு, ஏழு மூன்றிலும் பின்னத்தில் குறிகள் நிறைந்திருந்தால் ஏழாம் வகுப்பு ஆசிரியரைக் கேட்டுப் பயனில்லை. வேர் மூன்றாம் வகுப்பில் பாதி, கால் என்று பிரிக்கத் தொடங்கிய இடத்தில் இருக்கும்.

ஆண்டு இறுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அரைப்பக்கக் குறிப்பு எழுதி அடுத்த ஆசிரியரிடம் கொடுக்கும் வழக்கத்தை உண்டாக்குங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளையோடு மாற்றுச் சான்றிதழ் போகிறது, கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்குள்ள எமிஸ் எண் போகிறது. “வாசிப்பு சரளம். ஒற்று விடாது. தசமத்தில் நீளமான எண்ணைப் பெரிது என்கிறது. வாயால் கேட்டால் நன்றாகச் சொல்லும், எழுதத் தயங்கும்” என்ற நாலு வரி போவதில்லை. புதிய ஆசிரியர் அதைத் தானாகக் கண்டுபிடிக்க அரையாண்டு ஆகிவிடும்.

நாளைக்கே ஆரம்பிக்க ஒரு தேர்வு

நாலாம் வகுப்பு, கழித்தல், ஐந்து கணக்கு. வரிசையை மாற்றாமல் கொடுங்கள்.

47 − 23. இதில் கடன் இல்லை, விடை 24. இதிலேயே தப்பு என்றால் இட மதிப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

52 − 28. விடை 24. 36 வந்தால் “த”.

60 − 34. விடை 26. இங்கே மட்டும் 34 வந்தால், பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும், பூஜ்ஜியத்தைக் கண்டால்தான் பயப்படுகிறது.

402 − 178. விடை 224. 376 “த”, 324 “பூ”, 580 “கு”.

230 ரூபாயில் 65 ரூபாய்க்குக் காய் வாங்கினால் மீதி எவ்வளவு? விடை 165. முதல் நாலும் சரியாகப் போட்டு இதை மட்டும் விட்டால், தாளை மூடிவிட்டு கேள்வியை வாயால் கேளுங்கள். சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையின் பெயரைக் கணக்குத் தாளிலிருந்து எடுத்து வாசிப்புத் தாளில் எழுதுங்கள்.